அடங்கியவர் குணமடைந்தவரா?

வெள்ளவத்தைக்கு அடுத்த பாமன்கடை ஒழுங்கையில் ‘திருவல்லா’ என்று பெயர் எழுதிய ஒரு வீடு இருந்தது. ஆபிரகாம் கோவூரின் வீடு. 1928இல் கேரளத்திலிருந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குப் படிப்பிக்க வந்தவர். 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்றவர். 1960 முதல் 1978இல் இறக்கும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். அந்தப் பணம் கடைசிவரை அவரிடமே இருந்தது. பேய் பிடித்த வீடு, கூரையில் கல் விழும் வீடு என்று கூப்பிட்டால் போவார். போய்ப் பேயைத் தேடமாட்டார். அந்த வீட்டில் யாருடைய மனம் நொந்து கிடக்கிறது என்று தேடுவார். இறந்த பிறகும் விடவில்லை: கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ பீடத்துக்கு, எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு.

அவரை மதிக்கிறவன் நான். ஆனாலும் அவரிடம் கேட்க ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு வீட்டில் சுகம் வந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? கல் விழுவது நின்றது, ஆட்டம் நின்றது, வீட்டார் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். அதோடு கதை முடியும். கல் எறிந்த அந்தக் கைக்கு ஆறு மாதம் கழித்து என்ன நடந்தது? எறிய வைத்த துயரம் தீர்ந்ததா, அல்லது எறிந்து பயனில்லை என்று அந்தக் கை கற்றுக்கொண்டதா? பேய் இல்லை என்று நிரூபிப்பது பகுத்தறிவின் பாதி வேலைதான். நோய் போய்விட்டது என்று சொல்கிறவரிடமும் சான்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை இன்று யாரிடம் கேட்பது என்றால், நம்மிடம்தான். கொட்டாஞ்சேனையில் வயதான ஒருவர் சாப்பாட்டில் மனமில்லாமல், கதை குறைந்து, சுவரைப் பார்த்தபடி கிடக்கத் தொடங்கினால் வழமையாக நடப்பது தெரிந்ததே. பொன்னம்பலவாணேசர் கோயிலில் ஓர் அருச்சனை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. புதுக்கடைப் பக்கம் என்றால் ஓதி ஊதிய தண்ணீர். எதுவும் சரிவராவிட்டால், அயலவருக்குத் தெரியாமல், வைத்தியர். மனநோய் வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாகப் பழகிய நகரம் இது; மனநோய் வைத்தியரிடம் போவதற்கு மெழுகுதிரியை விட அதிகத் துணிச்சல் வேண்டும். சரி, போகிறோம். குளிசை தருகிறார்கள். இரண்டு மாதத்தில் ‘இப்ப பரவாயில்லை’ என்கிறோம். கோயிலில் நேர்த்தி பலித்தது என்று சொன்னபோது எதைப் பார்த்துச் சொன்னோமோ, கிளினிக்கிலும் அதையே பார்த்துத்தான் சொல்கிறோம்: ஆள் அடங்கிவிட்டார்.

முதியோரின் மனச்சோர்வை அளக்க நல்ல கருவி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரோம் யெசவேஜும் அவரது குழுவினரும் 1983இல் வெளியிட்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. நூறு கேள்விகளில் தொடங்கி, சலித்து, முப்பதை வைத்துக்கொண்டார்கள். எல்லாம் ஆம் அல்லது இல்லை. 1986இல் அது பதினைந்தாகச் சுருங்கியது. சிங்களத்தில் அதைச் சரிபார்த்த ஆய்வு 2010இலும், தமிழில் புதுச்சேரி ஜிப்மரில் சரிபார்த்த ஆய்வு 2015இலும் வெளிவந்தன. அதில் ஒரு நுட்பம் உண்டு. நித்திரை, பசி, உடல் நோவு பற்றி அவர்கள் கேட்கவில்லை. எழுபது வயதில் முழங்கால் நோகத்தான் செய்யும். இரவில் மூன்று தடவை எழும்பத்தான் வேண்டும். அதை மனநோயின் கணக்கில் ஏற்றக் கூடாது என்ற நியாயம் அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கிழவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி என்பதற்காகவே அதற்கு மரியாதை செலுத்தலாம்.

அதற்கு முன்பே வந்து இன்றும் மருந்து ஆய்வுகளில் அரசாளும் ஹமில்டன் அளவுகோலுக்கு இந்த நியாயம் இல்லை. மக்ஸ் ஹமில்டன் 1960இல் வெளியிட்டது. பதினேழு விடயங்கள், அதிகபட்சம் 52 புள்ளி. ஏழுக்குக் கீழே அல்லது ஏழில் வந்து நின்றால் நோய் தணிந்தது என்று எழுதிவிடலாம். அந்த 52இல் நித்திரைக்கு மட்டும் மூன்று விடயங்கள், ஆறு புள்ளிகள். நித்திரை வரவழைக்கும் எந்தக் குளிசையும், மனம் இருந்த இடத்திலேயே இருக்க, ஆறு புள்ளியைத் தின்றுவிட முடியும். படபடப்புக்குப் புள்ளி, உடல் பற்றிய முறைப்பாட்டுக்குப் புள்ளி. காம விருப்பம் குறைந்ததற்கும் புள்ளி உண்டு. கணவனை இழந்து இருபது வருடமான எண்பது வயது மூதாட்டியிடம் அதை எந்த முகத்தோடு கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. முறைப்பாடு செய்யாமல் நித்திரை கொள்கிற ஒருவர் இந்த அளவுகோலில் விரைவாகக் குணமடைவார்.

யெசவேஜின் கருவிக்கே திரும்புவோம், ஏனெனில் சிக்கல் நல்ல கருவியில்தான் தெளிவாகத் தெரியும். மற்றவர்கள் பெரும்பாலும் தன்னைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாரா என்று அது முதியவரைக் கேட்கிறது. ஆம் என்றால் ஒரு புள்ளி. புதுக்கடையில், நீதிமன்ற வளாகத்துக்குப் பின்னால், ஒரே அறையில் மூன்று தலைமுறை இருக்கும் தோட்டக் குடியிருப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காலையில் அந்த வழியாகக் கறுப்புக் கோட்டோடு இறங்கும் சட்டத்தரணிகளின் வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஆம் என்று சொன்னால், அது அவருடைய கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். கெட்டது ஏதும் நடந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறதா என்று இன்னொன்று. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடு எரிந்ததைக் கண்டவரிடம், 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தபோது கொச்சிக்கடையில் இருந்தவரிடம் அதைக் கேளுங்கள். வெளியே போவதைவிட வீட்டில் இருக்கவே விரும்புகிறாரா என்று மற்றொன்று. லிஃப்ற் வேலை செய்யாத தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறவர் வேறு என்ன சொல்வார்?

உண்மையைச் சொன்னதற்குப் புள்ளி ஏறும் என்றால், புள்ளி இறங்குவதற்கு ஒரு வழி உண்மையைச் சொல்லாமல் விடுவது. இன்னொரு வழி, அதை உணராமலே போவது.

இரண்டு தாய்மாரை எண்ணிப் பாருங்கள். கற்பனைதான், ஆனால் வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடியிலும் இருக்கக்கூடியவர்கள். இருவருக்கும் வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளில் பாதி கனடாவில், மிச்சம் பக்கத்து அறையில். சிகிச்சைக்கு முன் இருவருக்கும் பதினைந்துக்குப் பத்து. முதலாவது அம்மா இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார். அழுகை இல்லை. கேட்டால் ‘ஓம், எல்லாம் சரி’. சலிப்பாக இருக்கிறதா? இல்லை. உதவியற்றுப் போனது போல இருக்கிறதா? இல்லை; உதவி என்று ஒன்றை அவர் எதிர்பார்ப்பதே இல்லை. புள்ளி மூன்று. இரண்டாவது அம்மா வங்கிப் புத்தகம் எங்கே என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். ஊரில் உள்ள வீட்டு வாடகை யாருடைய கணக்குக்குப் போகிறது என்று கேட்கிறார். பேரப்பிள்ளையைப் பின்னேரம் முழுக்கப் பார்க்க இனி ஏலாது என்கிறார். தனியாக 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய் வந்து, கால் வீங்கி, அடுத்த நாள் மறுபடி போகிறார். தன் நிலை பற்றிக் கோபம் இருக்கிறது. மற்றவர்கள் தன்னைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று பேர் சொல்லியே சொல்கிறார். புள்ளி ஏழு.

தாளின்படி முதலாமவர் குணமடைந்தவர். இரண்டாமவருக்கு மருந்தைக் கூட்ட வேண்டும். வீட்டாரும் அதையே சொல்வார்கள். ‘அம்மா குளிசை தொடங்கின பிறகு ஒரே சண்டை, டொக்டர்.’

நான் எதிர்ப்பக்கம் வாதாடுகிறேன். இரண்டாமவருக்குத்தான் சுகம் வந்திருக்கிறது. முதலாமவர் தோற்றுவிட்டார், தோல்விக்கு நாம் தணிவு என்று பெயர் வைத்திருக்கிறோம். வறுமையை அளக்கப் புறப்பட்ட அமர்த்தியா சென் இதே பொறியைத்தான் காட்டினார். நீண்ட காலம் இல்லாமையில் கிடந்தவர் தன் ஆசைகளை இல்லாமையின் அளவுக்கு வெட்டிக்கொள்வார். பிறகு அவரிடம் போய்த் திருப்தியா என்று கேட்டால் ஆம் என்பார். அந்த ‘ஆம்’ என்பதை வைத்து நீதி நடந்துவிட்டது என்று எழுதக் கூடாது. பொருளியலுக்கு அவர் சொன்னதை வைத்திய கிளினிக்குக்குக் கொண்டுபோக நமக்கு ஏனோ மனம் வரவில்லை.

மனம் வராததற்குக் காரணம் உண்டு. நாம் சம்பந்தப்பட்டவர்கள். கிளினிக்கில் அந்தப் பதினைந்து கேள்விக்கும் யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கேள்வி அம்மாவை நோக்கிப் போகும். பதில் பக்கத்துக் கதிரையிலிருந்து வரும். ‘அப்படி ஒண்டும் இல்லை, இப்ப வடிவாச் சாப்பிடுறா.’ நம்பர் எடுத்து விடியற்காலை முதல் காத்திருந்தவர் அவர். வாகனத்துக்குக் காசு கொடுத்தவரும் அவர். வைத்தியருக்கோ வெளியே இன்னும் எண்பது பேர். எல்லோருக்கும் வசதியான பதில் அது. அந்தக் கதிரையில் இருப்பவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நலன் இருக்கிறது என்கிறேன். அம்மா அடங்கினால் அவருக்கு நன்மை.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படிக்க வேண்டியதில்லை, புதுக்கடையில் அரை நாள் நின்றால் போதும். 1656 முற்றுகையில் செத்துப்போன ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் பெயரில் ஆங்கிலத்தில் வழங்கும் அந்தக் குன்றில்தான் நாட்டின் உயர் நீதிமன்றம் முதல் மாவட்ட நீதிமன்றம் வரை இருக்கின்றன. வழக்கில் நலன் உள்ள சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் எந்தச் சட்டத்தரணியும் விடமாட்டார். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு துண்டுக் காணியைக் கைமாற்ற நொத்தாரிசு வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். உறுதியை வாசித்து விளங்கப்படுத்தியதாக நொத்தாரிசு எழுதவும் வேண்டும். நாலு பேர்ச்சஸ் நிலத்துக்கு இத்தனை காவல். ஒரு மனிதரின் மனம் திரும்பி வந்துவிட்டதா என்று தீர்க்க மட்டும் மருமகளின் ஒரு வார்த்தை போதுமாக இருக்கிறது.

அதே புதுக்கடையில் இன்னொன்றும் நடக்கிறது. நன்கொடை உறுதி. சாகுமுன் வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு எழுதி, தனக்குச் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொள்வது நம் வழக்கம். சில பேர் அதையும் வைத்துக்கொள்வதில்லை, பிள்ளைதானே. அதன் பிறகு அறை சிறிதாகும், தேத்தண்ணி நேரம் தவறும், கதைக்க ஆள் இராது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், கடும் நன்றிகெட்டதனத்தின் பேரில் அத்தகைய மீளப்பெற முடியாத நன்கொடையையும் ரத்துச் செய்ய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியை வகுத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முன்பே பராமரிப்புச் சபை ஒன்றை வைத்து, தன்னைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்கலாம் என்றது. இரண்டு சட்டமும் நல்லவை. ஆனால் இவற்றைப் பயன்படுத்த யாரால் முடியும்? படுக்கையை விட்டு எழும்ப மனமில்லாதவரால் முடியாது. நாள் குறித்து, பத்திரம் தேடி, மகனின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு திரும்பி வருவதைத்தான் நான் குணம் என்கிறேன். அது வரும் நாளில் வீட்டில் அதற்கு விசர் என்று பெயர்.

விசர் என்று சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. 1873ஆம் ஆண்டு இயற்றி 1956இல் பெயர் மாற்றித் திருத்திய மனநோய்கள் கட்டளைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவரா என விசாரிக்கவும், அவருடைய சொத்தைப் பார்க்க முகாமையாளரை நியமிக்கவும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உண்மையாகவே அறிவு மங்கியவர்களுக்கு அந்தக் காவல் தேவை. ஆனால் வாசல் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்: தாய் நன்கொடையை ரத்துச் செய்யப் போகும் அதே கட்டடத்துக்குள், தாய்க்கு மனம் சரியில்லை என்று சொல்லப் பிள்ளையும் போகலாம். அப்போது கிளினிக் கொப்பியில் எழுதிய புள்ளி வெறும் மருத்துவக் குறிப்பாக இராது.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று வரும், தட்டிக் கழிக்க முடியாதது. முதுமையில் திடீரென்று சண்டை பிடிப்பவர், காசை அள்ளி வீசுபவர், எல்லோரும் தன் பொருளைத் திருடுகிறார்கள் என்பவர் எல்லோரும் குணமடைந்தவர்களா? இல்லை. மனச்சோர்வு மருந்தே சிலரை மறுமுனைக்குத் தள்ளி மிகையெழுச்சியில் கொண்டுபோய் விடும். மறதிநோயின் தொடக்கமும் இப்படித்தான் இருக்கலாம். வங்கிப் புத்தகத்தைத் தானே ஒளித்து வைத்துவிட்டு மருமகளைக் கள்ளி என்பார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழி உண்டு, ஆனால் அதற்கு இருபது நிமிடம் வேண்டும். அவர் சொல்லும் காரணம் நாளைக்கும் அதே காரணமாக இருக்கிறதா? வாடகை பற்றிய அவர் சந்தேகத்தை யாராவது ரசீதைப் பார்த்துச் சோதித்தார்களா? நாற்பது வயதில் அவர் எப்படி இருந்தார்? மீன்காரரோடு பேரம் பேசி, பாடசாலை அதிபரோடு வாதாடிப் பிள்ளைகளைச் சேர்த்த பெண் என்றால், இந்தச் சண்டை அவருடைய பழைய கையெழுத்து. வாழ்நாள் முழுக்க வாய் திறவாதவர் மூன்று இரவு தூங்காமல் கத்துகிறார் என்றால் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

‘அப்படியானால் அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பவருக்கு: மாட்டேன். எண் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று தெரியும். வயது போட்டுது, அப்படித்தான் என்ற ஒரே வாக்கியத்தில் ஒரு தலைமுறையின் துயரத்தை மூடினோம். வினைப்பயன் என்றோம். எண் வந்த பிறகுதான், மூப்பின் சோகமும் மனச்சோர்வு நோயும் வேறு என்றும், பின்னது தீரக்கூடியது என்றும் காட்ட முடிந்தது. அமெரிக்காவில் அறுபது வயதைத் தாண்டிய 1,801 பேரைச் சாதாரண மருத்துவ நிலையங்களில் வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு பராமரிப்பு முகாமையாளர் தொடர்ந்து கவனித்த குழுவில் ஒரு வருடத்தில் 45 வீதத்தினருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தன. வழமையான கவனிப்பில் 19 வீதம்தான். எண் இல்லாமல் இந்த வித்தியாசத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எண்ணைத் தொழுவதும் எண்ணை வெறுப்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு சடங்குகள்.

கேட்க வேண்டியது, எதன் எண் என்பது. மார்க் சிம்மர்மன் என்ற அமெரிக்க மனநோய் வைத்தியர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களிடமே, குணமானது என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்டு 2006இல் வெளியிட்டார். அறிகுறி இல்லாமை பட்டியலின் தலையில் வரவில்லை. நம்பிக்கையும் தன்னம்பிக்கையும், தான் பழைய தானாகத் திரும்புவதும், வழமையான காரியங்களைச் செய்ய முடிவதும் அதற்கு மேலே நின்றன. நோயாளிகளுக்குத் தெரிந்திருந்தது, அளவுகோல் செய்தவர்கள் கேட்கவில்லை. அதற்குப் பதினேழு வருடம் கழித்து, 2023இல், எரிக் லென்ஸ் குழுவினர் மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் முதன்மை அளவாக மனச்சோர்வுப் புள்ளியை வைக்கவில்லை. மனநலமும் வாழ்வில் திருப்தியும் எவ்வளவு என்பதை வைத்தார்கள். கூடவே இன்னொன்றை எண்ணினார்கள்: எத்தனை தடவை விழுந்தார்கள். ஏற்கெனவே எடுத்துவந்த மருந்தோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களிலும் புப்ரோப்பியோன் சேர்த்தவர்களிலும் நோய் தணிந்தோர் வீதம் கிட்டத்தட்ட ஒன்றே, நூற்றுக்கு முப்பதைத் தொடவில்லை. விழுவது மட்டும் புப்ரோப்பியோன் சேர்த்தவர்களில் கூட. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவது என்றால் என்ன என்று எந்தக் குடும்பத்துக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய அளவுகோல் மட்டும் கையில் இருந்திருந்தால் இரண்டு மருந்தும் சமம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று இலங்கை. மிக நச்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தோம். சாவு வீதம் ஏறத்தாழ எழுபது வீதம் சரிந்தது. மகத்தான காரியம், பல்லாயிரம் உயிர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தையும் 1998இல் நீக்கினோம். ஆனால் போத்தலில் இருந்த நஞ்சு மாறியதே தவிர, போத்தலை நோக்கிக் கை நீண்ட காரணம் அந்தத் தடையால் மாறவில்லை. சாவைத் தடுக்கும் அளவு ஒன்று, வாழ்வு திரும்பியதை அறியும் அளவு வேறு என்று அரசே நடத்திக் காட்டிய ஆய்வு அது. ஓய்வூதியர்களிடம் வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று கிராம உத்தியோகத்தர் முன் கையெழுத்து வாங்குகிறது அதே அரசு. அதற்கு மேல் எதுவும் கேட்க அதற்குத் தோன்றியதில்லை.

வேறு எதைக் கேட்கலாம் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் பட்டேல் முதலியோர் அறுபது வயதைத் தாண்டிய, லேசான அறிகுறிகள் தொடங்கிய 181 பேரோடு செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. குணமாக்குவதைப் பற்றியது இல்லை, நோய் முற்றாமல் தடுப்பது பற்றியது. போனவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். சிக்கலைப் பகுத்துத் தீர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், நித்திரைக்கு வழி சொன்னார்கள், நீரிழிவு போன்றவற்றைக் கவனிக்க உதவினார்கள், அரசாங்க உதவிகளைப் பெற வழி காட்டினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 91 பேரில் நாலு பேருக்குத்தான் மனச்சோர்வு வந்தது. மற்றக் குழுவில் 90 பேரில் பதின்மூன்று பேருக்கு. விண்ணப்பப் படிவம் நிரப்புவதும் மனநலச் சிகிச்சையின் பகுதி என்று ஒப்புக்கொள்ள நம் பல்கலைக்கழகங்களுக்கு எத்தனை வருடம் பிடிக்குமோ.

2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த முதியோர் குழுக்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன; ஒக்டோபர் முதலாம் தேதி மாலை போட்டு, வருடத்துக்கு ஒரு சுற்றுலா போய் வருகின்றன. வெள்ளவத்தையில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் வங்கி உத்தியோகத்தர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் முதியவரிடம் மாதம் ஒருமுறை அனுப்பலாம். ஒரே நிபந்தனை: வீட்டார் அறையில் இருக்கக் கூடாது. பதினைந்து கேள்வியையும் கேட்கட்டும். பிறகு, போன மாதம் எதற்கு இல்லை என்று சொன்னீர்கள், சொன்னது நடந்ததா என்று கேட்கட்டும். காசு யார் கையில் இருக்கிறது என்று கேட்கட்டும். யாரைப் பார்க்க விருப்பம், அங்கே போக என்ன தடை என்று கேட்கட்டும். இந்தப் பதில்களும் புள்ளியோடு சேர்ந்து கிளினிக் கொப்பிக்குள் போகட்டும்; பக்கத்துக் கதிரையின் சாட்சியம் அதற்குக் கீழே, சாட்சி சொன்னவர் யார், அவருக்கு என்ன உறவு என்ற குறிப்போடு வரட்டும்.

முதல் மூன்று மாதத்துக்குள் சில வீடுகளிலிருந்து முறைப்பாடு வரும். ‘உங்கட ஆள் வந்து போன பிறகு அம்மா கொஞ்சம் கூடக் கதைக்கிறா’ என்பார்கள். அந்த முறைப்பாடுகளைத் தேதி போட்டு எண்ணி வைக்க வேண்டும்.